பழைய பேட்டரி கள்ள ஈய உலைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி

பழைய இன்வெர்ட்டர் பேட்டரியை மாற்றும்போது கடைக்காரர் ஒரு விலை சொல்வார். தெருவில் வண்டியோடு வருபவர் அதைவிடச் சில நூறு ரூபாய் சேர்த்துச் சொல்வார். அவர் எடுக்கும் பேட்டரி பெரும்பாலும் போவது, அனுமதியில்லாமல் பேட்டரியை உடைத்து ஈயத்தை உருக்கும் கள்ள உலைக்கு. அந்தச் சில நூறு ரூபாய் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஆசிட்டைச் சுத்திகரிக்காமல் ஓடையில் விடுவதால் மிச்சமாகும் பணம் அது. புகையை வடிகட்டாததால் மிச்சம். தொழிலாளிக்கு முகக்கவசமும் ரத்தப் பரிசோதனையும் கொடுக்காததால் மிச்சம். வரி கட்டாததால் மிச்சம். இந்தச் செலவையெல்லாம் யாரோ ஒருவர் கட்டித்தான் ஆக வேண்டும். உலைக்குப் பக்கத்துத் தெருவில் விளையாடும் குழந்தை தன் ரத்தத்தால் கட்டுகிறது.

வீட்டில் பேட்டரி வைத்திருப்பவர்கள், பேட்டரிக் கடைக்காரர்கள், குடியிருப்போர் சங்கங்கள், பேட்டரி வண்டிக்குக் கடன் கொடுப்பவர்கள், ஊருக்குப் பக்கத்தில் உலை ஓடுவதாகச் சந்தேகப்படுபவர்கள் ஆகியோருக்காக எழுதியது இது. அவரவருக்கு வேண்டிய பகுதியை மட்டும் படித்தாலும் போதும். ஆனால் பணம் ஓடும் வழியை முதலில் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது.

தவணைக்கும் உலைக்கும் உள்ள தொடர்பு

உலகில் பயன்படும் ஈயத்தில் சுமார் 85 சதவீதம் பேட்டரிக்கே போகிறது. பேட்டரி விற்பனையைத் தூக்கி நிறுத்துவது தவணைக் கடன். தமிழ்நாட்டில் 2012-ஐ ஒட்டிய கடும் மின்வெட்டுக் காலத்தில் இன்வெர்ட்டர் தெருத்தெருவாகப் பரவியது. மாதத் தவணை கிடைத்ததால் நடுத்தர வீடுகளாலும் வாங்க முடிந்தது. டெல்லி, உத்தரப் பிரதேசம், பீகார் பக்கம் பேட்டரியில் ஓடும் மூன்று சக்கர வண்டிகளான இ-ரிக்‌ஷாக்களில் பெரும்பாலானவை கடனில் எடுத்தவை. ஒரு வண்டியில் 12 வோல்ட் பேட்டரி 4 இருக்கும், மொத்த எடை 100 கிலோவைத் தாண்டும், அந்த பேட்டரி ஓராண்டு வந்தாலே பெரிது. வங்கதேசத்தில் 2003-இல் தொடங்கிய வீட்டுச் சூரிய மின் திட்டம் சிறுகடன் மூலமே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட கிராம வீடுகளுக்கு விளக்குக் கொடுத்தது. நல்ல திட்டம்தான். ஆனால் அந்த ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஈய பேட்டரி உட்கார்ந்திருந்தது. ஒவ்வொன்றும் சில ஆண்டுகளில் செத்தது.

கடன் வளர்ச்சி சுற்றுச்சூழலுக்கு நல்லதா கெட்டதா என்று பொதுப்படையாகக் கேட்டால் பதில் வராது. அதே கடன் அரசிடம் பதிவுபெற்ற ஒரு மறுசுழற்சி ஆலைக்குப் போனால் வடிகட்டியாகவும் சுத்திகரிப்புத் தொட்டியாகவும் மாறும். வாங்குபவருக்கு மட்டும் போனால் பேட்டரி எண்ணிக்கை கூடும், சேகரிப்பு அப்படியே நிற்கும், சேகரிக்கப்படாத பேட்டரி முழுவதும் முறைசாராத் தொழிலின் கைக்குப் போகும். நம் ஊரில் பெரும்பாலும் நடப்பது இரண்டாவது.

இன்னொரு கடனும் இருக்கிறது, அது எந்தக் கணக்கிலும் வராது. தெருவில் பழைய பேட்டரி எடுப்பவரிடம் கைமுதல் இருப்பதில்லை. காலையில் தரகர் ரொக்கம் கொடுப்பார். மாலையில் சரக்கு அந்தத் தரகருக்கே போக வேண்டும். தரகர் யாருக்கு விற்கிறார் என்று கேட்கும் நிலையில் அவர் இல்லை. பதிவுபெற்ற ஆலை சரக்கு வந்து, எடை போட்டு, பில் பார்த்துப் பணம் தர நாளாகும். பில் போட்டு வாங்குபவர் பழைய பேட்டரிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் முன்கூட்டிக் கட்ட வேண்டும். பின்னால் வரவாகக் கிடைத்தாலும் அதுவரை பணம் முடங்கும். கள்ள உலைக்காரர் அன்றைக்கே ரொக்கம் தருகிறார். போட்டி இங்கேயே முடிந்துவிடுகிறது.

ஒரு பேட்டரியில் என்ன இருக்கிறது

வீட்டில் சாதாரணமாக இருக்கும் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி ஆசிட்டோடு 50 முதல் 60 கிலோ எடை இருக்கும். அதில் 25 கிலோவுக்கு மேல் ஈயம். பாதி உலோகமாக, பாதி ஆக்சைடும் சல்ஃபேட்டும் கலந்த பசையாக இருக்கும். மிச்சம் கந்தக அமிலம், பிளாஸ்டிக் பெட்டி, தட்டுகளுக்கு இடையே தடுப்பாக இருக்கும் செபரேட்டர்.

உலோக ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அடுப்புக் கரி போதும். சிக்கல் பசையில்தான். அதை ஈயமாக மாற்ற 1000 டிகிரி அளவுக்குச் சூடும் கரியும் வேண்டும். கள்ள உலைக்காரர்கள் தரையில் குழி தோண்டி, கரி போட்டு, ஊதுகாற்று மோட்டார் வைத்து இதைச் செய்கிறார்கள். அந்தச் சூட்டில் ஈயப் புகை எழும், கூடவே கந்தக டை ஆக்சைடும். புகையில் இருக்கும் ஈயம் ஆறியதும் மிக நுண்ணிய தூளாகச் சுற்றிலும் படியும். பசையின் ஒரு பகுதி கசடில் தங்கிவிடும். கறுப்புக் கட்டியாக இருக்கும் அந்தக் கசடைப் பள்ளம் நிரப்பப் போடுவதுண்டு.

எவ்வளவு ஈயம் ஆபத்து என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் மேல் இரண்டரை சென்டிமீட்டர் மண் சுமார் 33 கிலோ. குழந்தைகள் விளையாடும் மண்ணுக்கு அமெரிக்க சுற்றுச்சூழல் முகமை 2024-இல் வைத்த எச்சரிக்கை அளவு ஒரு கிலோ மண்ணுக்கு 200 மில்லிகிராம், அதாவது 200 பி.பி.எம். இந்த அளவுக்கு 5 டன் மண்ணைக் கெடுக்க ஒரே ஒரு கிலோ ஈயத் தூள் போதும். 5 டன் என்பது 150 சதுர மீட்டரின் மேல்மண், ஏறக்குறைய நாலு சென்ட் நிலம். ஒரு பேட்டரியில் 25 கிலோ இருக்கிறது. ஓர் உலை ஒரே இரவில் எத்தனையோ பேட்டரிகளை எரிக்கிறது.

முதல் வேலை: பேட்டரியைச் சீக்கிரம் சாகவிடாதீர்கள்

பலருக்கு இது சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு குடும்பம் ஈயத்தைக் குறைக்க இதைவிடப் பெரிய வழி கிடையாது. நல்ல டியூபுலர் பேட்டரி 5 ஆண்டு தாராளமாக வரும். கவனிக்காமல் விட்டால் இரண்டரை ஆண்டில் போய்விடும். ஈயக் குப்பை அப்படியே இரட்டிப்பு.

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கோடையில் மாதம் ஒருமுறை, பேட்டரியின் தண்ணீர் மட்டம் காட்டும் மிதவைக் குச்சியைப் பாருங்கள். குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். ஆர்.ஓ. தண்ணீர் டிஸ்டில்டு வாட்டர் ஆகாது. உப்பும் குளோரைடும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் தூசியும் காயிலின் உலோகமும் கலந்திருக்கும். ஆசிட்டை எப்போதும் ஊற்றாதீர்கள், குறைவது தண்ணீர் மட்டுமே. தட்டு வெளியே தெரியும் அளவுக்கு வற்றியிருந்தால் தட்டு மூழ்கும் வரை மட்டும் ஊற்றி, முழுதாக சார்ஜ் ஏற்றிவிட்டுப் பிறகு குறியீடு வரை நிரப்புங்கள். சார்ஜுக்கு முன்பே நிரப்பினால் ஆசிட் பொங்கி வழியும், தரை அரிக்கும், வழிந்த அளவுக்கு ஆசிட்டின் வீரியமும் குறையும்.

ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள், விலை சொற்பம். இன்வெர்ட்டர் டியூபுலர் பேட்டரி முழு சார்ஜில் 1.240 காட்ட வேண்டும். 1.200-க்குக் கீழே அடிக்கடி நின்றால் சார்ஜ் போதவில்லை. பேட்டரியின் ஆறு அறைகளில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைவாகக் காட்டினால் அந்த அறை பழுது. தண்ணீர் ஊற்றிய உடனே அளக்காதீர்கள். தண்ணீர் மேலேயே நிற்பதால் பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

பாரத்தையும் கணக்குப் பாருங்கள். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி என்றால் 1800 வாட்-மணி. இன்வெர்ட்டரில் வீணாவது போக சுமார் 1440. பேட்டரி நீண்ட நாள் வர இதில் பாதியைத்தான் எடுக்க வேண்டும், 720. இரண்டு ஃபேன், நாலு எல்.ஈ.டி. பல்பு, ஒரு டி.வி. எல்லாம் சேர்ந்து 290 வாட் என்றால் இரண்டரை மணி நேரம். அதற்கு மேல் கரன்ட் வராவிட்டால் டி.வி.யை நிறுத்துங்கள். காற்றோட்டமில்லாத மாடிப்படிக்கு அடியில் பேட்டரியை வைக்காதீர்கள். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

கைமாற்றும்போது

புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுப்பதுதான் சரியான வழி. 2022 ஆகஸ்டில் வந்த மத்திய அரசின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், விற்ற பேட்டரியைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைக்கின்றன. பழைய பேட்டரியை மற்றக் குப்பையோடு கலக்காமல், சேகரிப்பிலோ மறுசுழற்சியிலோ உள்ளவரிடம் ஒப்படைப்பது பயனீட்டாளர் கடமை என்றும் அவை சொல்கின்றன.

கடையில் கேட்க வேண்டியவை கொஞ்சம்தான். பழைய பேட்டரிக்குக் கழித்த தொகையை பில்லில் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். பழைய பேட்டரியின் வரிசை எண்ணையும் சேர்க்கச் சொல்லுங்கள். ‘சரக்கு கம்பெனிக்குத் திரும்பப் போகிறதா, வெளி ஆளுக்கா?’ என்று நேரடியாகக் கேளுங்கள். பில்லில் எழுத மறுக்கும் கடை, பழையதைப் பெரும்பாலும் ரொக்கத்துக்கு வெளியே விற்கும் கடை. தெருவில் ஒரு வீட்டுக்காரர் கேட்டால் கடைக்காரர் சிரித்துவிட்டுப் போவார். அந்தத் தெருவில் பேட்டரி வாங்கும் பத்துப் பேரும் கேட்டால் பில் போடுவார்.

மிக முக்கியமானது: ஆசிட்டைக் கொட்டவிடாதீர்கள். ‘ஆசிட்டுக்கு எடை போட முடியாது, கொட்டிவிட்டுக் கொண்டுவாங்க’ என்பது பரவலான வழக்கம். சாக்கடையில் போவது அமிலம் மட்டும் அல்ல. தட்டிலிருந்து உதிர்ந்து அடியில் படிந்திருக்கும் ஈயச் சேறும் சேர்ந்தே போகும். ஆசிட்டோடு சேர்த்து ஒரு விலை பேசுங்கள். மூடிகளை இறுக்கி, முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, நிமிர்த்தியபடியே ஏற்றுங்கள். படுக்கவைத்தால் காற்றுத் துளை வழியாக ஒழுகும். இருவர் தூக்குங்கள்; பழைய பேட்டரியின் கைப்பிடி அறுந்துவிடும்.

ஒழுகிவிட்டால் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடாதீர்கள். முதலில் சமையல் சோடாவைத் தூவுங்கள். 1.240 அடர்த்தியுள்ள ஆசிட் ஒரு லிட்டரில் சுமார் 400 கிராம் கந்தக அமிலம் இருக்கிறது. அதைச் சமன்படுத்த சமையல் சோடா 700 கிராம், சலவை சோடா என்றால் 430 கிராம், நீற்றிய சுண்ணாம்பு என்றால் 300 கிராம் வேண்டும். ஓரங்களிலிருந்து உள்நோக்கித் தூவுங்கள், நுரைப்பது நிற்கும் வரை சேருங்கள். சுண்ணாம்பு சூடேறித் தெறிக்கும், பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் தொடாதீர்கள். பிறகு அந்தக் கூழை ஈரத்தோடே வாரி, பிளாஸ்டிக் வாளியில் மூடி, பேட்டரியோடு சேர்த்தே கொடுங்கள். அதில் ஈயம் இருக்கிறது, செடிக்குப் போடக்கூடாது.

காலிப் பெட்டியைப் பூந்தொட்டி ஆக்குவதும் தண்ணீர்த் தொட்டி ஆக்குவதும் இன்றும் பல ஊர்களில் உண்டு. எத்தனை முறை கழுவினாலும் ஈயம் முழுதாகப் போகாது. அதில் கீரை போடாதீர்கள், ஆடு மாடுக்குத் தண்ணீர் வைக்காதீர்கள்.

மொத்தமாக விற்பவர்களுக்கு

லிஃப்ட், ஜெனரேட்டர், யு.பி.எஸ். வைத்திருக்கும் குடியிருப்புகள், கல்லூரிகள், வங்கிக் கிளைகள் ஒரே நேரத்தில் இருபது முப்பது பேட்டரி விற்பார்கள். வழக்கமாக மூன்று கொட்டேஷன் வாங்கி அதிக விலைக்காரருக்குக் கொடுத்துவிடுவார்கள். இங்கே அதிக விலை என்பதே எச்சரிக்கை. கொட்டேஷன் கேட்கும்போதே மூன்று காகிதம் கேளுங்கள்: மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இயக்க இசைவாணை, அபாயக் கழிவைக் கையாளும் அனுமதி, மத்திய வாரியத்தின் பேட்டரி இணையதளத்தில் பதிவு. மூன்றிலும் ஆலையின் முகவரி ஒன்றாக இருக்கிறதா, தேதி காலாவதியாகவில்லையா, அனுமதித்த கொள்ளளவு என்ன என்று பாருங்கள். தரகர் இன்னொருவருடைய காகிதத்தைக் காட்டுவது சகஜம். அதனால் ஆலையின் பெயரிலேயே பில் கேளுங்கள், பணமும் ஆலையின் வங்கிக் கணக்கிலிருந்தே வரட்டும்.

வண்டி புறப்படும்போது எடைமேடைச் சீட்டு, வண்டி எண், பில், குறிப்பிட்ட தொகைக்கு மேல் என்றால் இ-வே பில் (சரக்கு கொண்டுசெல்வதற்கான ஜி.எஸ்.டி. சீட்டு) எல்லாம் வாங்குங்கள். சரக்கு ஆலையில் இறங்கிய எடைச் சீட்டை ஒரு வாரத்துக்குள் வாங்குங்கள். இரண்டு எடையும் ஒத்துவர வேண்டும். நடுவில் 20 சதவீதம் குறைந்திருந்தால் ஆசிட் வழியில் கொட்டப்பட்டிருக்கிறது என்று பொருள்.

பதிவு இருந்தால் சுத்தம் என்றும் நம்பிவிட வேண்டாம். அனுமதி பெற்ற ஆலைகளின் சுற்றுப்புறத்திலும் ஈயம் படிவதுண்டு. வடிகட்டியை இரவில் நிறுத்திவைத்தால் கரன்ட் மிச்சம். அருகில் இருந்தால் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்: பேட்டரிகள் கூரைக்கு அடியில் சிமெண்ட் தரையில் இருக்கின்றனவா, உடைப்பது இயந்திரமா கோடாலியா, தொழிலாளர்கள் உடை மாற்றிக் குளித்துவிட்டு வீட்டுக்குப் போக வசதி இருக்கிறதா. கடைசிக் கேள்வி ஆலையின் தரத்தைச் சட்டென்று காட்டிவிடும்.

கடன் கொடுப்பவர்கள் செய்யக்கூடியது

இ-ரிக்‌ஷாவுக்குக் கடன் கொடுக்கும் நிறுவனமும், இன்வெர்ட்டருக்குக் கடன் கொடுக்கும் மகளிர் சுயஉதவிக் குழுவும் பேட்டரி மாற்றும் கட்டத்தில் மறுபடி கடன் கொடுக்கின்றன. பிடி அங்கே இருக்கிறது. மாற்று பேட்டரிக் கடனைப் பழைய பேட்டரிக்குக் கழிக்கும் விலை போக மிச்சத் தொகைக்கு மட்டும் கொடுங்கள். பழையதைத் திரும்பப் பெற்றதாகக் காட்டும் பில் வந்தால்தான் பணம் கடைக்குப் போக வேண்டும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் பழைய பேட்டரி கொடுக்காமல் புதியது வாங்கினால் கூடுதல் தொகை கட்ட வேண்டும், பழையதைக் கொண்டுவந்தால் அது திரும்பக் கிடைக்கும். அங்கே ஏறக்குறைய எல்லா பேட்டரியும் ஆலைக்குத் திரும்புவதற்கு இது முக்கியக் காரணம்.

இரண்டாவது, தெருவில் சேகரிப்பவரின் கைமுதல். அவர் தரகரிடம் வாங்கும் அன்றாட ரொக்கத்தை ஒரு கூட்டுறவோ குழுவோ சிறு சுழல்நிதியாகக் கொடுத்தால் சரக்கை யாருக்கு விற்பது என்று முடிவு செய்யும் உரிமை அவருக்கு வந்துவிடும். நிபந்தனை ஒன்றே: பில்லோடு, ஆசிட்டோடு, பதிவுபெற்ற இடத்துக்கு. தவணையை வாரம் ஒருமுறை வைக்காமல், ஆலையிடமிருந்து பணம் வரும் நாளோடு பொருத்துங்கள். இதைக் கவனிக்காமல் வாரத் தவணை வைத்தால் மூன்றாவது வாரமே அவர் பழைய தரகரிடம் போய் நிற்பார். சேகரிப்பவரைக் குற்றவாளியாகப் பார்க்கும் எந்தத் திட்டமும் நிற்காது. ஊர் முழுக்கப் பேட்டரி எங்கே இருக்கிறது என்று அறிந்தவர் அவர் ஒருவர்தான்.

பக்கத்தில் உலை ஓடுகிறதா

இரவு பத்துக்கு மேல் தொடங்கி விடியுமுன் நிற்கும் புகை, தொண்டையைப் பிடிக்கும் கந்தக நெடி, ஓடையோரம் உடைந்த கறுப்பு, வெள்ளை பிளாஸ்டிக் சில்லுகள், சல்லடை போன்ற செபரேட்டர் துண்டுகள், கசடுக் கட்டிகள், ஒரு பக்கம் மட்டும் கருகிய செடிகள், காரணம் தெரியாமல் சாகும் ஆடு மாடுகள். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் சந்தேகப்படலாம். உள்ளே போய்ப் படம் எடுக்காதீர்கள், ஆபத்து. சாலையிலிருந்து தேதி, நேரம், காற்றடித்த திசை குறித்துக்கொண்டே வாருங்கள்.

அடுத்தது மண். குழந்தைகள் கை படும் வெறும் மண்ணில்தான் எடுக்க வேண்டும்: வாசல், விளையாடும் இடம், பள்ளி மைதானம். ஓர் இடத்துக்கு ஐந்து புள்ளி, ஒவ்வொன்றிலும் மேல் இரண்டரை சென்டிமீட்டர் மட்டும். ஆழமாகத் தோண்டினால் கீழே இருக்கும் சுத்த மண் கலந்து அளவு குறைந்து காட்டும். பலர் தவறுவது இங்கேதான். துருப்பிடிக்காத கரண்டியோ பிளாஸ்டிக் கரண்டியோ போதும், இடத்துக்கு இடம் கழுவித் துடையுங்கள். ஐந்தையும் கலந்து கல், வேர் நீக்கி 200 கிராம் ஜிப் பையில் போட்டு, இடம், தேதி எழுதுங்கள். உலையிலிருந்து தொலைவில், உலைக் காற்று வராத பக்கம் ஒரு மாதிரி ஒப்பிடுவதற்காகக் கட்டாயம் எடுங்கள்.

என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ‘மண்ணில் மொத்த ஈயம், அமிலத்தில் கரைத்து’ என்று எழுதிக் கேளுங்கள். கசிவுச் சோதனை என்று வேறொன்று இருக்கிறது; அது குப்பைக் கிடங்குக்கானது, மண்ணை வாயில் போடும் குழந்தையின் ஆபத்தைச் சொல்லாது. கெடாத மண்ணில் பொதுவாகச் சில பத்து பி.பி.எம். இருக்கும். 200-க்கு மேல் என்றால் குழந்தைகளை அங்கே விடாதீர்கள். செனகல் நாட்டின் டக்கார் நகரத்து தியாரோய் பகுதியில் 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை 18 குழந்தைகள் இறந்தார்கள். ஈய விலை ஏறியதும் பேட்டரி உடைத்த இடத்து மண்ணை மக்கள் சலித்து விற்றிருந்தார்கள், மூட்டைகளை வீட்டுக்குள் வைத்திருந்தார்கள். அங்கே வீட்டுக்கு வெளியே மண்ணில் 3 லட்சம் பி.பி.எம். வரை இருந்தது. மண்ணில் பத்தில் மூன்று பங்கு ஈயம்!

ரத்தத்தில் ஈயம்

மண் முடிவு மோசமாக இருந்தால் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். விரல் நுனியில் குத்தி எடுத்தால் தோலில் இருக்கும் ஈயத் தூசி கலந்து பொய்யாகக் கூட்டிக் காட்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி ரத்தக் குழாயில் எடுப்பதே சரி. முடிவின் அலகைக் கவனியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டல், டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் ஈயம் வரும் வழியைக் கண்டுபிடித்து நிறுத்தச் சொல்கிறது. சில ஆய்வகங்கள் லிட்டர் கணக்கில் கொடுக்கும்; அப்போது 10-ஆல் வகுக்க வேண்டும், லிட்டருக்கு 50 என்பதும் இந்த 5-ம் ஒன்றே. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. யுனிசெஃப் 2020-இல் வெளியிட்ட அறிக்கை, இந்தியாவில் சுமார் 27.5 கோடி குழந்தைகள் இந்த 5-ஐத் தாண்டியிருப்பதாக மதிப்பிட்டது.

ஈயத்தை இறக்கும் மருந்து குழந்தைகளுக்கு டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் என்றால்தான், அதுவும் மருத்துவமனையில். கடையில் விற்கும் ‘நச்சு நீக்கி’ எதையும் கொடுக்காதீர்கள். முதல் மருந்து மண்ணிலிருந்து குழந்தையைப் பிரிப்பது. பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு ஈயத்தைக் குழந்தையின் குடல் உறிஞ்சும். இரும்புச்சத்துக் குறைவும் வெறும் வயிறும் அதை இன்னும் கூட்டும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பால், முட்டை, வேளாவேளைக்குச் சோறு. ரத்தசோகை இருந்தால் மருத்துவர் சொல்படி இரும்புச்சத்து. வீட்டைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். செருப்பு வெளியே. உலையிலோ பேட்டரிக் கடையிலோ வேலை செய்பவர் அங்கேயே குளித்து உடை மாற்றிவிட்டு வரட்டும். அந்தச் சட்டையைக் குழந்தைகள் துணியோடு துவைக்கக்கூடாது. ரத்தத்தில் இருக்கும் ஈயம் பாதியாகக் குறைய ஒரு மாதம் ஆகும், எலும்பில் இருப்பது பல ஆண்டு தங்கும். அதனால் மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். குறையவில்லை என்றால் ஈயம் இன்னும் எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறது.

மண்ணை நீங்களே வெட்டி அள்ளாதீர்கள், தூசி இன்னும் பரவும். உடனடியாக முடிந்தது மூடுவது: வெறும் மண்ணின் மேல் ஜியோடெக்ஸ்டைல் (மண் அடுக்குகளைப் பிரித்துவைக்கும் செயற்கைத் துணி) விரித்து, ஓர் அடி சுத்த மண் போட்டு, புல்லோ கல்லோ பதியுங்கள். அடியில் துணி இருந்தால் பிறகு தோண்டுபவருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியும். டாக்காவுக்குப் பக்கத்தில் கட்கோரா என்ற ஊரில் இப்படி மண்ணை மாற்றி மூடி, வீடுகளையும் கழுவிச் சுத்தம் செய்த பிறகு, ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் குழந்தைகளின் ரத்த ஈயம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

புகாரை மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் ஒரே நாளில் எழுத்தில் கொடுங்கள். மண் முடிவு, தேதிக் குறிப்பு, வரைபடம் சேருங்கள்; குழந்தைகளின் ரத்த முடிவைப் பெயர் நீக்கிச் சேருங்கள். 2025 ஜூலையில் வந்த மாசடைந்த இடங்கள் மேலாண்மை விதிகளின்படி சந்தேக இடங்களை மாவட்ட நிர்வாகம் பட்டியலிட்டு அனுப்ப வேண்டும், மாநில வாரியம் 90 நாளில் முதல்கட்ட ஆய்வு செய்ய வேண்டும். அந்த விதியைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டே கேளுங்கள். பதில் வராவிட்டால் சென்னையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு இருக்கிறது.

புகாரில் ‘உலையை மூட வேண்டும்’ என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். மூடிய உலை பத்துக் கிலோமீட்டர் தள்ளி வேறு ஊரில் திறக்கும், ஏனென்றால் சரக்கும் ரொக்கமும் மாறவில்லை. விட்டுப்போன மண்ணையும் கசடையும் அகற்றுவது, வேலை செய்தவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் ரத்தப் பரிசோதனை, அந்த உலைக்குச் சரக்கு விற்ற கடைகளின் கணக்கைப் பார்ப்பது ஆகிய மூன்றையும் தனித்தனிக் கோரிக்கையாக எண்ணிட்டு எழுதுங்கள். எண்ணிட்ட கோரிக்கைக்கு எண் வாரியாகப் பதில் கேட்கலாம். பதில் வராத எண்ணை அடுத்த மனுவின் முதல் வரியில் வையுங்கள்.